மலையில் வீடு வாங்குகிறீர்களா? அட்வான்ஸுக்கு முன்னால் செப்டிக் டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

நீலகிரியிலோ கொடைக்கானல் பக்கமோ பழைய வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோத்தகிரிக்குக் கீழே அரவேணு பக்கம் நான் வாங்கிய வீட்டின் பத்திரம், பட்டா, வில்லங்கம் எதிலும் குறை இல்லை. சுவரில் விரிசல் இல்லை, கூரையில் ஒழுகல் இல்லை. ஆனாலும் குடிவந்த முதல் மழைக்காலத்தில் ஐந்தரை லட்ச ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போனது. கீழே இருந்த ஐந்து குடும்பங்களின் குடிதண்ணீர் கெட்டது. முற்றத்துக்கு அடியில் இருந்த செப்டிக் டேங்கை விற்பதற்கு முன்னால் யாரும் திறந்து பார்க்கவில்லை. அப்படித் திறந்து பார்க்க ஒரு ஆளை அமர்த்தலாம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், இருபதாயிரம் ரூபாய்க்குள் எல்லாம் தெரிந்திருக்கும்.

நான் திருப்பூரில் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்துவிட்டார், மகன் வெளிநாட்டில். மலையில் சின்னதாக ஒரு வீடு என்பது எங்கள் இருவருக்கும் பழைய ஆசை. ஏப்ரலில் இந்த வீட்டைப் பார்த்தேன். ரோட்டிலிருந்து படி இறங்கிப் போக வேண்டும். முன்னால் தேயிலை, கீழே அடுக்கடுக்காகக் கேரட் தோட்டம். பிடித்துவிட்டது. வக்கீல் 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரை மேல் ஏறினார், வயரிங் பார்த்தார். முற்றத்தில் பூந்தொட்டிகள் அடுக்கியிருந்த சிமென்ட் பலகையைக் காட்டி புரோக்கர் சொன்னார்: “டேங்க் இங்கதாங்க மேடம். பெரிய டேங்க். பதினஞ்சு வருஷமா லாரியே கூப்பிட்டதில்ல, ஒரு பிரச்சனையும் இல்ல.” இன்ஜினியர் தலையாட்டினார், நானும் கேட்டுக்கொண்டேன்.

அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் எங்கே கேட்டாலும் அங்கேயே நின்றுவிடுங்கள். செப்டிக் டேங்கை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும் என்பதுதான் அரசின் வழிகாட்டுதல். தொட்டியில் மலம் முழுசாகக் கரைந்து காணாமல் போவதில்லை. ஒரு பகுதி செரித்துப்போகும், மிச்சம் சேறாக அடியில் தங்கிக்கொண்டே இருக்கும். குளிர் கூடினால் செரிக்கும் நுண்ணுயிர்களின் வேலையும் மெதுவாகும், அதனால் சமவெளியைவிட மலையில் சேறு சீக்கிரம் சேரும். பதினைந்து வருடம் லாரி வராமலே ஒரு டேங்க் நிரம்பவில்லை என்றால், உள்ளே போனது வேறு எங்கேயோ வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நல்ல டேங்க் என்பதற்கு அது சாட்சியே இல்லை.

ஏப்ரல், மே மாதங்களில் எதுவும் தெரியவில்லை. அதற்கு முன்னால் வீடு ரொம்ப நாள் பூட்டிக் கிடந்தது. தொட்டிக்குள் தண்ணீர் போகாததால் மண் காய்ந்து, எவ்வளவு ஊற்றினாலும் குடித்தது. தென்மேற்குப் பருவமழை ஊட்டி, கூடலூர் பக்கம் கொட்டும் அளவுக்கு எங்கள் சரிவில் பெய்யாது. எங்களுக்குப் பெருமழை என்றால் அக்டோபர், நவம்பர்தான். தீபாவளிக்கு முன்னால் மழை பிடித்தது. முதலில் குளியலறைத் தண்ணீர் மெதுவாக இறங்கியது. பிறகு சமையலறைத் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டால் கக்கூஸில் ‘குளுக் குளுக்’ என்று சத்தம் வரும். ஒரு நாள் விடிகாலையில் எழுந்து பார்த்தபோது கக்கூஸ் கோப்பை விளிம்பு வரை நிரம்பி நின்றது. வீட்டில் நான் ஒருத்திதான். வெளியே மழை, ஒதுங்க இடமில்லை. அன்றைக்கு எனக்கு வந்த அழுகையை மகனிடம்கூடப் போனில் சொல்லவில்லை.

பிளம்பர் வந்தார். அடைப்பு என்றார். கம்பி விட்டுக் குத்தினார், ஆசிட் ஊற்றினார், ரூ.4,500 வாங்கிக்கொண்டார். மழை விட்டிருந்த இரண்டு நாள் சரியாக இருந்தது, மழை வந்ததும் பழைய கதை. தொட்டிக்குள் ஆசிட் போனால் அங்கே மலத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும், நிலைமை மோசமாகத்தான் ஆகும் என்பது பிற்பாடு தெரிந்தது. அடுத்து, டேங்கில் போட்டால் எல்லாம் கரைந்துவிடும் என்று ஒருவர் ஒரு பொடி கொடுத்தார், அதற்கு ரூ.3,800. தண்ணீர் வெளியே போக வழியில்லாத தொட்டியில் எந்தப் பொடியைப் போட்டு என்ன பயன்? மழை பெய்தால் நிரம்புகிறது, வெயில் அடித்தால் வடிகிறது என்றால் அது குழாய் அடைப்பு இல்லை. தரைக்கு அடியில் வேறு ஏதோ நடக்கிறது. அந்த அறிகுறி தெரிந்ததும் பிளம்பரையும் பொடியையும் விட்டுவிட்டு, தொட்டியைத் தெரிந்த ஆளைத் தேடுங்கள்.

அப்புறம் லாரி. ரோட்டில் நிறுத்திவிட்டு டிரைவர் படியில் இறங்கி வந்து பார்த்தார், தலையை ஆட்டினார். “ஓஸ் நீளம் இருக்கும்மா, ஆனா இவ்வளவு ஆழத்துலருந்து வண்டி இழுக்காது.” உறிஞ்சும் பம்ப் காற்றழுத்தத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. கடல் மட்டத்திலேயே அது தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு மேல் இழுக்க முடியாது. 6,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, எட்டு மீட்டரே கணக்குப்படிதான் வரும், கெட்டிச் சேற்றுக்கு அதிலும் குறையும். என் வீடு ரோட்டுக்கு நாற்பதடி கீழே. மலையில் ரோட்டுக்குக் கீழே இருக்கும் வீட்டைப் பார்க்கும்போது, கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று கேட்பதோடு, லாரி நிற்கும் இடத்திலிருந்து டேங்க் எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்பதையும் அளந்துவிடுங்கள். கடைசியில் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டீசல் பம்பைச் சுமந்து கொண்டுவந்து வைத்து, அங்கிருந்து மேலே தள்ளி லாரியில் ஏற்றினார்கள். ஒரு தடவைக்கு ரூ.12,000.

அதற்கு முன்னால் இன்னொரு ஆள் வந்து, “மூணாயிரம் குடுங்க, நான் உள்ள எறங்கி வாளியில அள்ளிடறேன்” என்றார். என்னைவிட வயது குறைந்தவர், பசியோடு இருப்பது முகத்திலேயே தெரிந்தது. முடியவே முடியாது என்று சொல்லி, சாப்பாடு போட்டு அனுப்பினேன். தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் வாயுக்கள் தேங்கியிருக்கும், இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். தூக்கப் போகிறவரும் அவரோடு விழுவார். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி செப்டிக் டேங்கில் மனிதரை இப்படி இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் அதைச் செய்யக் கூடாது. அவசரத்தில் யாராவது இப்படி முன்வந்தால் சம்மதித்துவிடாதீர்கள். இயந்திர வண்டிக்கு 14420 என்ற அரசு உதவி எண் இருக்கிறது.

இதையெல்லாம்விட என்னை உடைத்தது வேறொன்று. கீழ் அடுக்கில் தேயிலை வைத்திருக்கும் பெரியவர் ஒரு நாள் குடையோடு மேலேறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க. ஊத்துத் தண்ணி ஒரு வாரமா நாத்தம் அடிக்குது. புள்ளைங்களுக்கு வயித்தால போகுது” என்றார். அவர் வீட்டையும் சேர்த்து ஐந்து வீடுகள் அந்த ஊற்றில்தான் குடிக்கத் தண்ணீர் எடுக்கின்றன. சத்தம் போட்டுச் சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் அவ்வளவு மரியாதையாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அன்றே ஊற்றில் தண்ணீர் எடுப்பதை நிறுத்தச் சொல்லி, வேனில் தண்ணீர் வரவழைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்தேன். வேலை முடியும்வரை அதற்கு மட்டும் ரூ.38,000 ஆனது. அந்தக் காசுக்காக நான் ஒரு நாளும் வருந்தவில்லை. அந்தச் சரிவில் ஓடும் ஓடைகள் கடைசியில் பவானியில் சேர்கின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து குழாயில் வந்த பவானித் தண்ணீரைக் குடித்துத்தான் திருப்பூரில் நான் வளர்ந்தேன். மேலே ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்பது கீழே எத்தனை பேரைத் தொடும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

செப்டிக் டேங்கைப் பரிசோதிக்க ஆள் வேண்டும் என்று தேடியபோதுதான் தெரிந்தது, நம் ஊரில் அதற்கென்று லைசென்ஸ் வாங்கிய தொழில்காரர் என்று யாரும் இல்லை. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டேன், லாரி எண்ணைக் கொடுத்தார்கள். கட்டட இன்ஜினியர்களைக் கேட்டேன், “இடிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம் மேடம்” என்றார்கள், பார்க்காமலே. கடைசியில் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஒருத்தி மூலமாக, பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கிடைத்தார். போனில் அவர் சொன்ன முதல் வார்த்தை எனக்குப் பிடித்தது: “பாத்துச் சொல்றது மட்டும்தாம்மா என் வேலை. ரிப்பேர் கான்ட்ராக்ட் எடுக்க மாட்டேன்.” ரூ.6,000 கேட்டார். நீங்கள் ஆள் தேடும்போதும் இதைத்தான் முதலில் பாருங்கள். பழுது பார்த்துச் சம்பாதிக்கப் போகிறவர் பரிசோதனைக்கு வந்தால், எதைப் பார்த்தாலும் பழுதாகத்தான் தெரியும். புரோக்கர் அழைத்து வருபவருக்கு எதைப் பார்த்தாலும் சரியாகத் தெரியும். ஓய்வு பெற்ற ஓவர்சியர், உள்ளூரில் தொட்டி கட்டிக் கட்டிக் கை தேர்ந்த கொத்தனார், நீண்ட காலமாக லாரி ஓட்டுபவர், இந்த மூவரில் இருவராவது ஒரே நாளில் வந்து நிற்க வேண்டும்.

அவர் வந்ததும் மூடியைத் திறக்கவில்லை. நேராகக் கீழே இறங்கினார். வீட்டுக்குக் கீழே இருக்கும் தடுப்புச் சுவருக்கு முன்னால் போய் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். மற்ற இடத்தில் புல் பழுப்பாக இருக்க, சுவரின் ஒரு மூலையில் மட்டும் கரும்பச்சையாகத் தழைத்திருந்தது. அந்த இடத்தில் குச்சியால் மண்ணைக் குத்தினார், குச்சி வழுக்கிக்கொண்டு இறங்கியது. “சுவருக்கு வயிறு தள்ளியிருக்கு, பாத்தீங்களா?” என்றார். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி மண் கனத்துப் போனால் முதலில் சுவர் உப்பும், பிறகு சரியும். 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை அவர் நினைவுபடுத்தினார். மலைச்சரிவில் கழிவுநீர் ஒழுகுவதை வெறும் நாற்றப் பிரச்சனை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். எனக்குக் கால் நடுங்கியது.

அடுத்து மேலே வந்து கூரையைப் பார்த்தார். “மழைத் தண்ணி எங்கம்மா போகுது?” கூரையிலிருந்து இறங்கும் பிளாஸ்டிக் குழாய் தரைக்குள் போய் மறைந்தது, அது எங்கே போகிறது என்று எனக்கும் தெரியாது. கூட வந்த கொத்தனாரை ஏணியில் ஏற்றி ஒரு குடம் தண்ணீரை மேலேயிருந்து ஊற்றச் சொன்னார், என்னை டேங்குக்குப் போகும் குழாயின் சேம்பர் மூடிக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மூடியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தேன். சில நொடியில் உள்ளே சலசலவென்று தண்ணீர் ஓடியது. கூரை மேல் விழும் மழை முழுவதும் செப்டிக் டேங்குக்குள் போய்க்கொண்டிருந்தது. ஏப்ரலில் எதுவும் தெரியாமல், அக்டோபரில் எல்லாம் மேலே வந்ததற்குக் காரணம் அதுதான். கூரைக் குழாயை அன்றே அறுத்து, வடிகாலுக்குத் திருப்பினோம். செலவு ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை, பாதித் தொல்லை அத்தோடு குறைந்தது. வீடு பார்க்கப் போகும்போது ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி, இந்தச் சோதனையை மட்டுமாவது நீங்களே செய்யலாம்.

கடைசியாகத்தான் மூடி. கடப்பாரையால் நெம்பி நகர்த்திவிட்டு, எல்லோரையும் விலகி நிற்கச் சொன்னார். பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது, குனிந்து எட்டிப் பார்க்கவும் கூடாது. வெகுநேரம் காற்றாடவிட்ட பிறகு, டார்ச்சும் கம்பில் கட்டிய முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்து வெளியே நின்றபடியே உள்ளே காட்டினார். முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் மட்டம். நல்ல டேங்கில் தண்ணீர், வெளியேறும் குழாயின் அடி விளிம்போடு சமமாக நிற்கும். அதற்கு மேலே நின்றால், தண்ணீரை வாங்கிக்கொள்ள வேண்டிய உறிஞ்சு குழி அடைத்துவிட்டது. கீழே இறங்கி நின்றால் தொட்டியே ஒழுகுகிறது. என் டேங்கில் குழாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. வீடு பூட்டிக் கிடந்த மாதங்களில் திறந்திருந்தால் மட்டம் குழாய்க்குக் கீழே வெகுதூரம் இறங்கியிருக்கும், அப்போதும் உண்மை தெரிந்திருக்கும் என்றார் அவர்.

பிறகு நீளமான மூங்கில் ஒன்றின் முனையில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டினார். மெதுவாக அடிவரை இறக்கி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, சுழற்றாமல் மேலே எடுத்தார். துண்டின் கீழ்ப்பகுதி தார் பூசியது மாதிரி கறுத்திருந்தது, மேல்பகுதி வெறும் ஈரம். கறுப்பு எவ்வளவு உயரமோ, சேறு அவ்வளவு உயரம். மேலே மிதக்கும் ஏட்டையும் அடியில் கிடக்கும் சேற்றையும் சேர்த்தால் தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. என் டேங்கில் அது தண்ணீர் ஆழத்தில் பாதிக்கு மேலேயே போயிருந்தது. இந்த அளவெல்லாம் டேங்கைக் காலி செய்வதற்கு முன்னால்தான் எடுக்க முடியும். அதனால், “நீங்க வர்றதுக்கு முன்னாடியே புதுசா கிளீன் பண்ணி வெச்சிட்டோம்” என்று விற்பவர் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டிய தடயமெல்லாம் லாரியில் போய்விட்டது.

லாரி காலி செய்துகொண்டிருக்கும்போதும் அவர் நகரவில்லை. என்னையும் நகரவிடவில்லை. மட்டம் குறையக் குறைய, வெளியேறும் குழாய் வழியாகக் கறுப்புத் தண்ணீர் தொட்டிக்குள்ளேயே திரும்பி ஓடி வந்தது. “பாருங்கம்மா, வெளிய போக வேண்டியது வீட்டுக்கு வருது.” உறிஞ்சு குழி நிரம்பி நிற்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். முழுவதும் காலியான பிறகு, மேட்டுப் பக்கத்து அடியிலிருந்து தெளிந்த தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. தொட்டிக்குத் தளமே போடவில்லை. நான்கு பக்கம் சுவர், கீழே வெறும் மண். மழைக்காலத்தில் மலையின் நிலத்தடி நீர் உள்ளே வருகிறது, மற்ற நாளில் கழிவு மண்ணுக்குள் போகிறது. பதினைந்து வருடம் லாரி கூப்பிடாத ரகசியம் அதுதான். வெளியேறும் இடத்தில் டீ (T) வடிவக் குழாய் இருந்தால் ஏடும் கட்டியும் தொட்டியோடு நிற்கும், தண்ணீர் மட்டும் வெளியே போகும். இங்கே அது இல்லை. கட்டி நேராகப் போய்க் குழியை அடைத்துவிட்டது.

குழி எங்கே இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது. கீழ் வீடுகளில் சொல்லிவிட்டு, கக்கூஸில் பச்சைச் சாயம் கரைத்து ஊற்றினார்கள். மறுநாள் தடுப்புச் சுவரின் நீர்த்துளையில் பச்சை கசிந்தது. அங்கே தோண்டியதும் கல் அடுக்கிய குழி வந்தது. சர்வே வரைபடத்தோடு அளந்து பார்த்தால், குழியின் பாதி கீழ் நிலத்துப் பெரியவரின் சர்வே எண்ணுக்குள் இருந்தது. குடிதண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து உறிஞ்சு குழி குறைந்தது 18 மீட்டர், அதாவது அறுபதடி தள்ளி இருக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை ஐஎஸ் 2470 சொல்கிறது. இங்கே ஊற்றுக்கும் குழிக்கும் நாற்பதடிகூட இல்லை. அதே தரநிலைப்படி, ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்குத் தொட்டி உள்ளளவில் ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் தண்ணீர் ஆழமாவது வேண்டும். விற்பவர் “பெரிய டேங்க்” என்று சொன்னால் இந்த அளவை வைத்துச் சரிபாருங்கள்.

ஓவர்சியர் ஐந்து பக்கத்தில் கையால் எழுதி, போட்டோக்களோடு கொடுத்தார். வீடு வாங்கும் முன் ஆள் அமர்த்தும்போது இப்படி எழுத்தில் தருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். “நல்லா இருக்கு” என்ற வாய் வார்த்தை பின்னால் எதற்கும் உதவாது. தண்ணீர் மட்டம், சேற்றின் உயரம், தளம் உண்டா, டீ குழாய் உண்டா, மழைநீர் எங்கே போகிறது, உறிஞ்சு குழி யாருடைய நிலத்தில் இருக்கிறது, ஊற்றோ கிணறோ எவ்வளவு தூரம், லாரி எட்டுமா, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் பார்க்க முடியாவிட்டால், எல்லாக் குழாயையும் அரை மணி நேரம் ஒன்றாகத் திறந்துவிட்டு, கக்கூஸிலும் திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டுவிட்டு, மறுநாள் கீழ் அடுக்கில் போய்ப் பார்க்கலாம். மேல் வீட்டுக்காரரை விசாரித்துப் பயனில்லை. கீழே இருப்பவர்களிடம் பத்து நிமிடம் டீ குடித்துப் பேசினால், வக்கீலும் இன்ஜினியரும் சொல்லாததைச் சொல்லிவிடுவார்கள்.

வேலை மாதக் கணக்கில் இழுத்தது. நீலகிரியில் நினைத்தபடி ஜேசிபி இறக்க முடியாது, அதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும். அதனால் தோண்டியது முழுக்க ஆள் கூலி. செங்கல், ஜல்லி, மணல், சிமென்ட் எல்லாம் படியில் சுமைக்கூலியில் இறங்கின. மழையில் பல நாள் வேலை நின்றது. புது இடத்தில் மண்ணைச் சோதிக்க ஒரு குழி தோண்டி, ஊறவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றி, மட்டம் ஒரு அங்குலம் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். அரை மணிக்கு மேலே போனது. அப்படியானால் உறிஞ்சு குழி ஒத்துவராது. அதனால் ஊற்றுக்கு எதிர்ப் பக்கத்தில், சரிவுக்குக் குறுக்கே ஆழமில்லாத நீளமான வாய்க்கால் வெட்டி, ஜல்லி பரப்பி, துளையிட்ட குழாய் போட்டு மூடினார்கள். தளம் போட்டு, உள்ளே இரண்டு அறை தடுத்துப் புதுத் தொட்டி கட்டினோம். தொட்டியும் வாய்க்காலும் சேர்த்து ரூ.3,60,000. தடுப்புச் சுவரைப் பிரித்துக் கட்ட ரூ.1,10,000. இரண்டு தடவை லாரிக்கு ரூ.24,000. மற்றதை மேலேயே சொல்லிவிட்டேன். மகனிடம் கேட்கப் பிடிக்காமல், வைப்புநிதியை முறித்துத்தான் கொடுத்தேன். கீழ் நிலத்துப் பெரியவர் தன் பக்கம் இருந்த பழைய குழியை மூடக் காசு வாங்கவில்லை.

விற்றவருக்குப் போன் செய்தேன். “பாத்துத்தானே வாங்குனீங்க” என்றார், அதோடு எடுக்கவில்லை. வக்கீலிடம் போனேன், ஆலோசனைக்கும் நோட்டீஸுக்கும் ரூ.5,000. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவில், விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அந்தக் குறை, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலே கண்டுபிடிக்கக் கூடியதாக இருக்கக் கூடாது. “மூடியைத் திறந்து பாத்தீங்களான்னு அவங்க வக்கீல் முதல் கேள்வியே கேப்பார். வித்தவருக்குத் தெரிஞ்சிருந்துதுன்னு நாமதான் நிரூபிக்கணும்” என்றார் வக்கீல். நோட்டீஸுக்குப் பதில் வரவில்லை. வருடக் கணக்கில் கோர்ட்டுக்கு அலையும் தெம்பு எனக்கில்லை. விட்டுவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அதே வக்கீலிடம் அதன் பிறகு ஒரு காரியம் கேட்டு வாங்கினேன். குன்னூரில் வீடு பார்த்துக்கொண்டிருந்த என் சிநேகிதிக்காக, கிரய ஒப்பந்தத்தில் சேர்க்க ஒரு பத்தி எழுதிக் கொடுத்தார். சுருக்கமாக அது இதுதான்: கிரயத்துக்கு முன்னால் வாங்குபவர் அமர்த்தும் நபர் முன்னிலையில் செப்டிக் டேங்கைத் திறந்து, இருக்கும் நிலையிலேயே பரிசோதிக்கவும், பிறகு இயந்திரத்தால் காலி செய்து மறுபடி பரிசோதிக்கவும் விற்பவர் சம்மதிக்கிறார். தொட்டியிலோ உறிஞ்சு குழியிலோ குறை இருந்தால், எழுத்து மூலமான மதிப்பீட்டின்படி அதைச் சரிசெய்யும் தொகை கிரயத் தொகையில் கழியும், அல்லது வாங்குபவர் விலகிக்கொண்டு அட்வான்ஸை முழுசாகத் திரும்பப் பெறலாம். முதலில் அந்த வீட்டுக்காரர் முகம் சுளித்தார், புரோக்கர் “இந்த ஊர்ல யாருமே இப்படிக் கேட்டதில்லீங்க” என்றார். சிநேகிதி அசையவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டார். நான் சொன்ன அதே ஓவர்சியரைத்தான் அழைத்துப் போனாள். அங்கே டேங்கில் தளம் இருந்தது, டீ குழாய் மட்டும் உடைந்திருந்தது. லாரிக் காசையும் குழாய்க் காசையும் வீட்டுக்காரரே ஏற்றுக்கொண்டார், அடுத்த வாரம் பத்திரம் முடிந்தது.